முட்டை விற்கும் பெருங்கடைகளே, கணக்குக் காட்டுங்கள்!



காஞ்சிபுரத்தில் பட்டுச்சேலை வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "அசல் பட்டா? அசல் ஜரிகையா?" என்றுதான். அதே ஊரில் ஏசி போட்ட பெரிய கடையில் முட்டை டப்பா வாங்கினால், அந்தக் கோழி எப்படி வளர்ந்தது என்று சொல்ல ஆள் இல்லை.

நாம் சொல்கிறோம். நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகளில் பெரும்பாலும் கம்பிக் கூண்டுதான். ஒரு கோழிக்கு ஒரு ஜெராக்ஸ் பேப்பர் அளவு இடம்கூடக் கிடையாது. றெக்கை விரிக்க முடியாது, மண்ணைக் கிளற முடியாது. நம்ம வீட்டுப் பெட்டைக்கோழி முட்டையிட மறைவு தேடி வைக்கோல்போரைச் சுற்றிச்சுற்றி வருமே, அந்தத் தவிப்பு கூண்டுக்கோழிக்கும் உண்டு.

அசைய இடமில்லாத கூண்டில் பிராணியை அடைப்பது குற்றம் என்று 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டமே சொல்கிறது. 2017-ல் மத்திய சட்ட ஆணையம் தன் 269-ஆவது அறிக்கையில் கோழிப்பண்ணைக்கென்றே விதிகளை எழுதிக் கொடுத்தது.

அப்படியானால் பண்ணைக்காரர் மட்டும்தான் குற்றவாளியா? இல்லை! மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறும்போதும் "பைசா குறை" என்று நெருக்குகிறவன் யார்? மொத்தமாக வாங்குகிறவன். நெருக்குகிறவனுக்குப் பொறுப்பும் உண்டு. 2015-ல் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி பத்து வருஷத்தில் கூண்டில்லா முட்டைக்கு மாறுவதாக வாக்குக் கொடுத்தது. யாருக்கு? அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும்! ஐரோப்பாவில் பழைய கம்பிக் கூண்டுக்கு 2012-லேயே தடை வந்துவிட்டது. அங்கே முட்டை மேலேயே எண் குத்துகிறார்கள்: 3 என்றால் கூண்டு, 1 என்றால் வெளியே மேய்ந்த கோழி. நம்ம ஊர்க் கோழிக்கு மட்டும் உயிர் இல்லையா?

இதில் நம் வயிற்றுப்பாடும் இருக்கிறது. ஓடு பழுப்பாக இருந்தால் நாட்டுக்கோழி முட்டை என்று ஜனங்கள் நம்புகிறார்கள். ஓட்டின் நிறம் கோழியின் ரகத்தைப் பொறுத்தது. கூண்டுக்கோழியும் பழுப்பு முட்டை போடும். மேய விட்டு வளர்க்கும் நம் வீட்டுப் பெண்களின் முட்டை இந்த மயக்கத்தில்தான் விலை இழக்கிறது.

நம் மாவட்டத்து உத்திரமேரூரில் ஆயிரம் வருஷம் முன்பு, பராந்தக சோழன் காலத்திலேயே கல்லில் வெட்டி வைத்தார்கள்: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடவோலையில் எழுதக்கூடாது! அந்த மண்ணில் கடை போட்டவர்களிடம் கணக்குக் கேட்க நமக்கு உரிமை இல்லையா?

நாம் கேட்பது:
1. கூண்டா, கொட்டகையா, மேய்ச்சலா என்று டப்பா மேல் தமிழில் அச்சடி!
2. எத்தனை முட்டை எந்த முறையில் வாங்கினாய் என்று வருஷா வருஷம் வெளியிடு!
3. கூண்டை மாற்றும் செலவைப் பண்ணைக்காரர் தலையில் கட்டாதே. கட்டுப்படியாகும் விலை கொடு!
4. மேய்ச்சல் கோழி முட்டையை மகளிர் குழுக்களிடம் நேரடியாக வாங்கு!

கடைக்குப் போகும் ஒவ்வொருவரும் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் சிரிப்பான். பத்தாயிரம் பேர் கேட்டால் பதில் சொல்லித்தான் ஆகணும்!