சீனி வருத்தமும் காசநோயும்: நம் வீடுகளில் யாரும் கேட்காத கேள்வி

இங்கிலாந்தில் காசநோய் மீண்டும் கூடத் தொடங்கியிருக்கிறது. 2024ஆம் ஆண்டில் அங்கு ஏறத்தாழ 5,500 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. முந்தைய ஆண்டைவிட இது சுமார் 13 சதவீதம் அதிகம். நோயாளரில் ஐந்தில் நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இந்தச் செய்தியை நம்மில் பலர் யாரோ பிறருடைய செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்து போனோம். அண்மையில் வந்தவர்களின் பிரச்சினை என்று நினைத்தோம். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் வந்து, குடியுரிமையும் பெற்று, பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்ட நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

தொடர்பு இருக்கிறது. நம் வீடுகளில் சீனி வருத்தம் என்று சொல்லப்படும் நீரிழிவுதான் அந்தத் தொடர்பு. பிரித்தானியாவில் தெற்காசிய வம்சாவளியினருக்கு மற்றவர்களைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு வரை அதிகமாக இரண்டாம் வகை நீரிழிவு வருகிறது. நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்போ, இல்லாதவரைவிட இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் நம்மிடமும் இல்லை, நமது குடும்ப வைத்தியர்கள் பலரிடமும் இல்லை.

உறங்கும் கிருமி

காசநோய்க் கிருமி உடலுக்குள் புகுந்த எல்லோரும் நோயாளி ஆவதில்லை. பெரும்பாலானோரின் நோயெதிர்ப்புச் சக்தி அதை ஒரு மூலையில் முடக்கி வைத்துவிடும். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, பிறருக்குத் தொற்றுவதும் இல்லை. உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்த நிலையில் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இவர்களில் 5 முதல் 10 சதவீதமானோருக்கே வாழ்நாளில் எப்போதாவது நோய் வெளிப்படும்.

கிருமியை முடக்கி வைத்திருப்பவை நமது வெள்ளணுக்கள். குருதியில் சீனி நீண்டகாலம் கூடியிருந்தால் அவற்றின் வேலை மந்தமாகிறது. கிருமியை விழுங்கி அழிக்க வேண்டிய அணுக்கள் தாமதிக்கின்றன; உதவிக்கு வரவேண்டிய அணுக்களும் பிந்தி வருகின்றன. இருபத்தைந்து வயதில் ஊரில் தொற்றிய கிருமி, அறுபத்தைந்து வயதில் இலண்டனிலோ ஸ்காபரோவிலோ விழித்துக்கொள்வது இப்படித்தான்.

மறுபக்கமும் உண்டு. காசநோய் தாக்கும்போது உடல் சுரக்கும் அழுத்த ஹோர்மோன்கள் குருதிச் சீனியை ஏற்றிவிடுகின்றன. இதனால் நீரிழிவே இல்லாத சிலருக்குச் சிகிச்சைத் தொடக்கத்தில் சீனி கூடிக் காணப்படும். நோய் குணமாகும்போது அது இறங்கிவிடுவதும் உண்டு. ஆகவே ஒரு பரிசோதனையோடு முடிவு கட்டாமல், சில மாதங்களின் பின் மீண்டும் பார்க்க வேண்டும்.

இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1934இலேயே பொஸ்டன் நகரில் ஹவார்ட் ரூட் என்ற மருத்துவர் இந்த இரு நோய்களின் உறவைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னர் இன்சுலினும் காசநோய் மருந்துகளும் பரவலாகி, பணக்கார நாடுகளில் காசநோய் குறைந்தபோது, இந்த உறவும் மறக்கப்பட்டது. நீரிழிவு உலகெங்கும் பெருகியபின்தான் மீண்டும் நினைவுக்கு வந்தது. 2011இல் உலக சுகாதார நிறுவனம், காசநோயாளருக்கு நீரிழிவுப் பரிசோதனையும் நீரிழிவு நோயாளரிடம் காசநோய் அறிகுறி விசாரிப்பும் வேண்டும் என வழிகாட்டியது.

தமிழ்நாட்டில் காசநோயாளரிடையே நடத்தப்பட்டு 2012இல் வெளியான ஓர் ஆய்வில், நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இன்னும் நால்வரில் ஒருவருக்கு நீரிழிவுக்கு முந்திய நிலை இருந்தது. அதாவது பாதிப் பேர். இலங்கையிலும் வயது வந்தோரில் ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அங்கு அண்மைய ஆண்டுகளில் ஆண்டொன்றுக்குச் சுமார் 9,000 காசநோயாளர் பதிவாகின்றனர்.

நாம் எந்த வலையிலும் அகப்படுவதில்லை

ஆறு மாதங்களுக்கு மேல் தங்குவதற்காக இலங்கை, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து பிரித்தானியாவுக்கு வருவோர் வீசாவுக்கு முன் நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அது வெளிப்பட்ட நோயைக் காட்டும். உறங்கும் கிருமியைக் காட்டாது. உறங்கும் கிருமிக்கென இங்கிலாந்தில் தனியான குருதிப் பரிசோதனைத் திட்டம் ஒன்று உண்டு. ஆனால் அது, காசநோய் மிக அதிகமாக உள்ள நாடுகளிலிருந்து கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள் வந்த, 16 முதல் 35 வயது வரையானோருக்கு உரியது. ஒரு இலட்சம் பேருக்கு 150 என்பது அதன் எல்லை. இலங்கையின் அளவு அதற்குக் கீழே.

எண்பதுகளில் அகதியாக வந்து, இன்று அறுபதைத் தாண்டி, பதினைந்து ஆண்டுகளாக மெட்ஃபோர்மின் எடுப்பவர் இந்தத் திட்டத்தின் எந்தப் பிரிவிலும் வரமாட்டார். அவரது கண், கால், சிறுநீரகம் எல்லாம் முறையாகப் பார்க்கப்படுகின்றன. மூன்று வாரமாக இருமுகிறீர்களா என்று கேட்பவர் இல்லை.

நீரிழிவு உள்ள எல்லோருக்கும் உறங்கும் கிருமிக்கான பரிசோதனை வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமே நீரிழிவை மட்டும் காரணமாக வைத்து அதைப் பரிந்துரைக்கவில்லை. தடுப்பு மருந்துகள் ஈரலைப் பாதிக்கக் கூடியவை. வயது ஏற ஏற அந்த ஆபத்தும் ஏறும். நாம் கேட்பது சிறியது. காசநோய் உள்ள நாட்டில் பிறந்த நீரிழிவு நோயாளரின் வருடாந்தப் பரிசோதனையில் இருமல், இரவு வியர்வை, காரணமில்லாத காய்ச்சல், மெலிவு, கழுத்தில் நெறி கட்டுதல் ஆகியவை பற்றி விசாரிக்க வேண்டும். இதற்குச் செலவில்லை, இரண்டு நிமிடம் போதும்.

மெலிவு என்பதில்தான் நம்மவர்கள் ஏமாந்து போகிறார்கள். நிறை குறைந்தால், 'சாப்பாட்டுக் கட்டுப்பாடு வேலை செய்கிறது' என்று மகிழ்கிறோம். களைப்பு வந்தால் சீனி கூடிவிட்டது என்கிறோம். ஒரு நோயின் அறிகுறி மற்றதன் கணக்கில் எழுதப்பட்டு, மாதங்கள் கழிகின்றன. அந்த மாதங்களில் அதே வீட்டில் பேரப்பிள்ளையும் மூச்சு விடுகிறது.

சிகிச்சையிலும் கவனம் வேண்டும்

வழக்கமான காசநோய்ச் சிகிச்சை ஆறு மாதம்: முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அடுத்த நான்கு மாதம் இரண்டு. இவற்றுள் ரிஃபாம்பிசின், கிளிக்கிளசைட் போன்ற சீனி மாத்திரைகளை உடல் வேகமாக வெளியேற்றச் செய்கிறது. வழக்கமான அளவை எடுத்தாலும் சீனி ஏறும். ஐசோனியசிட் நரம்புகளைப் பாதிக்கலாம். நீரிழிவால் ஏற்கனவே கால் விறைப்பவருக்கு அது இரட்டைப் பாதிப்பு. அதனால் விற்றமின் பி6 சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. இரண்டு சிகிச்சைப் பிரிவினருக்கும் மற்ற நோயைப் பற்றி நாமே சொல்ல வேண்டும். நீரிழிவுள்ள காசநோயாளருக்கு மரண ஆபத்தும், குணமானபின் நோய் திரும்பும் ஆபத்தும் கூடுதல் என்பதால், இது அலட்சியப்படுத்தக் கூடியதல்ல.

நமது மௌனமும் ஒரு காரணம். சயரோகம் என்ற சொல்லை ஊரில் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்கள். பிள்ளைகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடும் என்று மறைத்தார்கள். புலம்பெயர்ந்தபோது அந்தப் பயத்தையும் கூடவே கொண்டுவந்தோம். தாய்க்கோ தகப்பனுக்கோ முன்பு காசநோய் இருந்ததா என்று வைத்தியர் கேட்டால், இல்லை என்றே பதில் வருகிறது. முறையாக மருந்து எடுப்பவர் பெரும்பாலும் சில வாரங்களிலேயே பிறருக்குத் தொற்றாத நிலைக்கு வந்துவிடுவார் என்பதைப் பலர் அறிவதில்லை.

வீசா இன்னும் கிடைக்காத உறவுகளுக்கும் ஒன்றைச் சொல்லி வைப்போம். பிரித்தானியாவில் காசநோய்ப் பரிசோதனையும் சிகிச்சையும் குடிவரவு நிலை எதுவாக இருந்தாலும் இலவசம். காசு கேட்பார்கள் என்று பயந்து இருமலோடு அறையில் படுத்திருக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை அம்மாவையோ அப்பாவையோ நீரிழிவுப் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லும்போது, மொழிபெயர்க்க நாம் பக்கத்தில் இருப்போம். வைத்தியர் கேட்காவிட்டால், அந்தக் கேள்வியை நாமே கேட்போம்.