பத்து நிமிடம் நாங்களா கேட்டோம்?

2025 டிசம்பர் 25, 31 ஆகிய இரண்டு நாட்களிலும் ஸ்விக்கி, சொமேட்டோ, பிளிங்கிட், செப்டோ போன்ற செயலிகளுக்காக வண்டி ஓட்டுபவர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தம் அறிவித்தார்கள். தெலங்கானாவின் கிக் தொழிலாளர் சங்கமும், செயலிவழிப் போக்குவரத்துத் தொழிலாளர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பும் முன்னால் நின்றன. பத்து நிமிட டெலிவரியைக் கைவிடு, குறைத்த கூலியைப் பழையபடி கொடு, காரணம் சொல்லாமல் ஐடியை முடக்காதே, சமூகப் பாதுகாப்பு கொடு என்பவை முக்கியமான கோரிக்கைகள். ஆனாலும் புத்தாண்டு இரவில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வீடுகளுக்குச் சிப்ஸும் ஐஸ்கிரீமும் வந்து சேர்ந்தன. மறுநாள் காலை டிகாஷன் இறங்குவதற்குள் தீர்ப்பும் வந்துவிட்டது: “ஸ்ட்ரைக்காவது ஒண்ணாவது, என் ஆர்டர் பன்னிரண்டு நிமிஷத்துல வந்துடுத்து!”

அந்தத் தீர்ப்பு இன்னும் உலவிக்கொண்டிருக்கிறது. பூங்கா நடையிலும், சபா கான்டீனிலும், அடுக்கக வாட்ஸ்அப் குழுக்களிலும் அதே வரிகள்தான், கொஞ்சம் முன்னே பின்னே. நானும் இந்தச் செயலிகளில் வாங்குகிறவன். அந்த உரிமையில்தான் ஒவ்வொன்றாக மறுக்கிறேன்.

“பொருள் வந்துவிட்டதே, அப்புறம் என்ன வேலைநிறுத்தம்?” என்பது முதல் வாதம். மில் கதவு மூடிக் கிடந்தால் ஊருக்கே தெரியும். செயலிக்குக் கதவு கிடையாது. மந்தைவெளியில் ஒருவர் போனை அணைத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் அவருடைய ஆர்டர் அபிராமபுரத்தில் நிற்பவருக்குப் போகும். நம் திரையில் எந்த மாற்றமும் தெரியாது. டிசம்பர் 31-க்கு அடுத்த நாள் பிளிங்கிட், சொமேட்டோ இரண்டுக்கும் தாய் நிறுவனமான எடர்னலின் நிறுவனர் தீபிந்தர் கோயல் ஒரு கணக்கு வெளியிட்டார்: 4.5 லட்சம் பேர், 75 லட்சத்துக்கும் மேல் ஆர்டர்கள், இதுவரை இல்லாத உச்சம். வேலைநிறுத்தத்தால் பாதிப்பே இல்லை என்றும், விஷமிகள் சிலரைக் காவல்துறை கட்டுக்குள் வைத்தது என்றும் சொன்னார்.

அவர் கணக்கை நான் சந்தேகிக்கவில்லை. டிசம்பர் 31 அன்று, மாலை ஆறு முதல் நள்ளிரவு வரை ஆர்டருக்கு 120 முதல் 150 ரூபாய் வரை தருவதாகச் சொமேட்டோ அறிவித்திருந்தது. பண்டிகை நாட்களில் வழக்கமாகக் கொடுப்பதுதான் என்றது நிறுவனம், இருக்கட்டும். ஆனால் டெலிவரி செய்பவரின் 2025-ஆம் ஆண்டுச் சராசரி வருமானம் மணிக்கு 102 ரூபாய் என்று சொன்னதும் இதே கோயல்தான். மற்ற நாளில் ஒரு மணி நேரம் ஓடிச் சம்பாதிப்பதைவிட அதிகமான காசு அன்றிரவு ஒரே ஆர்டரில் கிடைத்தது. வாடகை பாக்கி இருப்பவன் அன்றைக்கு வண்டி எடுத்தான் என்றால், மற்ற 364 நாட்களின் கூலி அவனுக்குப் போதுமானது என்று எப்படி அர்த்தமாகும்?

இன்னொன்று. 2026 ஜனவரி நடுவில், மத்தியத் தொழிலாளர் அமைச்சர் மன்சுக் மாண்டவியா நிறுவனங்களுடன் பேசிய பிறகு, பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிட வாக்குறுதியை எடுத்தது. வேலைநிறுத்தம் ஒன்றினால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்; நாடாளுமன்றத்திலும் குரல் எழுந்திருந்தது. போனது வாசகம்தான், வேகம் அப்படியே இருக்கிறது என்பதும் உண்மை. ஆனாலும் பிசுபிசுத்துப் போனதாகச் சொல்லப்பட்ட ஒரு போராட்டத்தின் முதல் கோரிக்கை இரண்டே வாரத்தில் அமைச்சர் மேசைக்குப் போயிருக்கிறது. இதற்குத் தோல்வி என்று பெயரா?

“அநியாயம் என்றால் இத்தனை பேர் ஏன் சேர்கிறார்கள்?” இது கோயலே சொன்ன வாதம், நம்மவர்கள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரம்பூர் மில்களுக்கும் ஒரு காலத்தில் ஆள் பஞ்சம் இருந்ததில்லை. அங்கே தொழிலாளர்கள் சொன்ன முதல் குறைகளில் ஒன்று, சாப்பாட்டுக்கு விடும் நேரம் போதவில்லை என்பது. அதைக் கேட்க அடையாறு தியாசபிகல் சொசைட்டியிலிருந்து பி.பி. வாடியா போனார். 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. வேலை கேட்டு ஆள் வருவதே நியாயத்துக்குச் சான்று என்றால், இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் நம் ஊரில் பிறந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

நிறுவனத்தின் இன்னொரு எண்ணையும் பாருங்கள். 2025-இல் சொமேட்டோவில் ஒருவர் சராசரியாக வேலை செய்தது 38 நாட்கள். 250 நாட்களுக்கு மேல் ஓட்டியவர்கள் 2.3 சதவீதம். இஷ்டப்பட்டபோது வரலாம், போகலாம் என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். படிக்கிற பையன் விடுமுறையில் ஓட்டுவதும் இதில் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நூற்றில் மூன்று பேர்கூட 250 நாளைத் தாண்டாத ஒரு வேலையைப் பார்த்து, “பிடித்துப்போய்த்தான் இருக்கிறார்கள்” என்று யாரும் சொல்ல முடியாது.

“நம்ம வீட்டுப் பட்டதாரியைவிட அவங்க நன்னா சம்பாதிக்கறா.” இதற்கு வாதம் வேண்டாம், பென்சில் போதும். நிறுவனத்தின் கணக்குப்படி நாளுக்குப் பத்து மணி நேரம், மாதம் 26 நாள் ஓட்டினால் சுமார் 26,500 ரூபாய். பெட்ரோலுக்கும் பராமரிப்புக்கும் இருபது சதவீதம் போனால் கையில் 21,000. பத்து மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். 1947-இன் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் கடை ஊழியருக்கு வைத்த அளவு நாளுக்கு எட்டு மணி. அந்த எட்டு மணிக்குக் கணக்குப் போட்டால் 21,200. செலவு போக 17,000-ஐ ஒட்டி. வண்டி அவருடையது, போன் அவருடையது, டயர் தேய்ந்தால் செலவும் அவருடையது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஒரு கடையில் 21,000 ரூபாய் வரை வாங்கும் விற்பனையாளருக்கு இ.எஸ்.ஐ. உண்டு. டெலிவரிக்காரருக்கு நிறுவனம் எடுத்த விபத்துக் காப்பீடு உண்டு. வருங்கால வைப்பு நிதியோ சம்பளத்துடன் கூடிய வார விடுமுறையோ கிடையாது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, நிறுவனங்கள் வருவாயில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் ஒரு நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. நல்லது. அதுவும் சும்மா வந்ததல்ல, ஆண்டுக்கணக்கில் கேட்டு வந்தது.

இனி வருவதுதான் எதிர்த்தரப்பின் வாதங்களிலேயே வலுவானது. “பத்து நிமிடம் என்பதற்காக யாரும் பறக்க வேண்டியதில்லை, கடை பக்கத்துத் தெருவில் இருக்கிறது.” பிளிங்கிட் தரப்புக் கணக்கு இது: இரண்டரை நிமிடத்தில் பொருளை எடுத்துக் கட்டுகிறார்கள், இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தை எட்டு நிமிடத்தில் கடக்கிறார்கள், சராசரி வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். சைக்கிள் வேகம். இதில் என்ன ஆபத்து?

சராசரிதான் ஆபத்து. மயிலாப்பூரில் இரண்டு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று இங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லஸ் முனையிலும் கச்சேரி சாலையிலும் மெட்ரோவுக்காகத் தகரத் தடுப்பு வைத்து, போகிற வழியை எத்தனையோ முறை மாற்றினார்கள். மந்தைவெளியில் நேற்று இருபுறமும் ஓடிய தெரு இன்று ஒருவழி ஆகியிருக்கும். மாட வீதியில் கோயில் கூட்டம், மார்கழியில் சபாக் கூட்டம். பனகல் பூங்காவைச் சுற்றி மாலை ஆறு மணிக்கு வண்டி ஓட்டியவர் யாரும் “சராசரி” என்ற சொல்லை லேசாக எடுக்க மாட்டார். சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றவர் மீதித் தூரத்தைப் பதினைந்து கிலோமீட்டரில் போக மாட்டார். அந்த இரண்டு நிமிடத்தை எங்காவது பிடிப்பார். எதிர்ப்புறமாக வருவார், நடைபாதையில் ஏறுவார். ஏறியதும் அதே நாம் அவரைத் திட்டுகிறோம்.

போதாததற்கு, கதவுக்கு வந்த பிறகும் நேரம் போகிறது. வாயிற்காவலரிடம் பெயர், வாகன எண், வீட்டு எண் எழுத வேண்டும். பிரதான லிஃப்டில் ஏறக் கூடாது, பின்பக்க லிஃப்டுக்குக் காத்திருக்க வேண்டும். மூன்றாம் மாடிக்காரர் போனை எடுக்க மாட்டார். இந்த விதிகளை வகுத்தது நிறுவனம் அல்ல. நம்முடைய குடியிருப்போர் சங்கங்கள்.

சரி, தாமதமானால் அபராதம் கிடையாது, அவர்கள் திரையில் கடிகாரமே ஓடுவதில்லை என்று நிறுவனங்கள் சொல்கின்றன. அதை ஒப்புக்கொண்டே கேட்கிறேன்: கூலி ஆர்டருக்கு ஆர்டர் என்றால் கடிகாரம் எதற்கு? மணிக்கு இரண்டு கொண்டுபோனால் ஒரு வருமானம், நான்கு கொண்டுபோனால் ஒரு வருமானம். 2025 டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயலின் மிச்ச மழை சென்னையை ஊறவைத்ததே, அதுபோன்ற நாட்களில் நாம் வெளியே போகத் தயங்குவதால்தான் ஆர்டர் கூடுகிறது. நமக்கு ஆபத்து என்று தோன்றும் அதே சாலையில் இறங்கினால்தான் அவருக்கு நல்ல காசு. பத்து நிமிட வாசகத்தை எடுத்துவிட்டார்கள். இந்தக் கூலிமுறையை எடுக்கவில்லை.

பொருளை எடுத்துக் கட்டும் அந்த இரண்டரை நிமிடத்தைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. அது நடக்கும் இடம் வாடிக்கையாளர் நுழையாத கடை. வெளியிலிருந்து பார்த்தால் ஷட்டரும் வரிசையாக நிற்கும் வண்டிகளும்தான் தெரியும். உள்ளே அலமாரிகளுக்கு நடுவே திரையைப் பார்த்துக்கொண்டே பருப்பையும் பால் பொட்டலத்தையும் எடுத்து ஓடுகிறவர்கள்தான் இன்றைய மளிகைக் கடைப் பையன்கள், பெண்கள். தெருவில் இருப்பவரையாவது நாம் வாசலில் பார்க்கிறோம். இவர்களை ஒருபோதும் பார்ப்பதில்லை.

“வாடிக்கையாளருக்கு வேகம் வேண்டும், அவர்கள் கொடுக்கிறார்கள்.” எனக்குக் கோபம் வருவது இங்கேதான். நான் எப்போது கேட்டேன்? அடையாறு காந்தி நகரிலும் மயிலாப்பூர்த் தெருக்களிலும் அண்ணாச்சி கடைக்குக் காலையில் போனில் பட்டியல் சொன்னால் சாயங்காலத்துக்குள் பையன் கொண்டுவந்து கொடுத்துவிடுவான். ஒருவரும் அதைத் தாமதம் என்று நினைக்கவில்லை. குரோஃபர்ஸ் பத்து நிமிடத்தில் இறங்கிப் பிளிங்கிட் என்று பெயர் மாற்றிக்கொண்டது 2021-இல். முதலில் வாக்குறுதி வந்தது, பிறகு பழக்கம், அதற்கும் பிறகுதான் அது நம்முடைய “தேவை” ஆனது. மருந்து, கைக்குழந்தைக்குப் பால் பவுடர் என்றால் அவசரம் புரிகிறது. கொத்தமல்லிக்கும் கோலமாவுக்கும் என்ன அவசரம்?

நம் பெயரைச் சொல்லி நடந்த இன்னொரு விஷயம் தி.நகரில் எல்லோருக்கும் நினைவிருக்கும். ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஜவுளிக்கடை, நகைக்கடைப் பெண்கள் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை பார்த்தார்கள். உட்கார்ந்தால் வாங்க வருபவருக்கு மரியாதைக் குறைவு என்பார்கள். கேரளத்தில் விற்பனைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடி 2018-இல் சட்டம் வாங்கினார்கள். 2021 செப்டம்பரில் தமிழகச் சட்டமன்றத்திலும் கடைகள் சட்டத்துக்குத் திருத்தம் வந்தது. ஊழியருக்கு இருக்கை கொடுப்பது கட்டாயம் ஆனது. விற்பனைப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் என்பதற்காகப் பட்டுப்புடவை வாங்காமல் திரும்பிய ஒரு மாமியையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நாம் கேட்காத ஒன்றுக்கு நம் பெயரைச் சொன்னார்கள். இப்போதும் அதுதான் நடக்கிறது.

கடைசியாக, “வயதானவர்கள் தவித்துப்போவார்களே” என்ற கவலை. இதை நான் எள்ளி நகையாட மாட்டேன். பிள்ளைகள் அமெரிக்காவில், மூட்டுவலியோடு இரண்டாம் மாடியில் தனியாக இருப்பவர்கள் மயிலாப்பூரில் ஏராளம். செயலி அவர்களுக்கு வரம்தான். ஆனால் வேலைநிறுத்தத் தேதிகள் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டவை. முந்தின நாள் பால் வாங்கி வைக்க முடியும். அண்ணாச்சி கடை திறந்துதான் இருந்தது. வேலைநிறுத்தத்தால் நிஜமாகவே அடுப்பு அணையக்கூடிய இடம் ரேஷன் கடை. 2022 ஜூனில் அகவிலைப்படி கேட்டு ரேஷன் ஊழியர்கள் மூன்று நாள் வேலையை நிறுத்தினார்கள். புதிதாகச் சேரும் ரேஷன் விற்பனையாளருக்கு முதல் வருடத் தொகுப்பூதியம் மாதம் 6,250 ரூபாய், கட்டுநருக்கு 5,500. அரசே விளம்பரத்தில் போட்ட தொகை அது. அந்த மூன்று நாளில் தவித்தவர்களுக்காக நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சொட்டுக் கண்ணீரும் விழவில்லை. சர்க்கரை அட்டை வைத்திருக்கும் வீடுகளுக்கு அது தெரியவே இல்லை. முதியோர் மீதான அக்கறை நம் ஐஸ்கிரீம் வரும் இரவில் மட்டும் விழித்துக்கொள்வது எனக்கு நம்பும்படியாக இல்லை.

செயலியை அழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை; நானும் அழிக்கப் போவதில்லை. கேட்பது மூன்றுதான். உங்கள் அடுக்ககத்தின் அடுத்த கூட்டத்தில் டெலிவரிக்காரர்கள் எந்த லிஃப்டிலும் ஏறலாம் என்று தீர்மானம் போடுங்கள். அவசரமில்லாத பொருளை அண்ணாச்சியிடம் சொல்லிச் சாயங்காலம் வாங்குங்கள். அடுத்த முறை வேலைநிறுத்தத் தேதி அறிவித்தால், அந்த ஒரு நாள் செயலியைத் திறக்காதீர்கள். திறந்து பார்த்து “வந்துடுத்தே” என்று படமும் போடாதீர்கள்.