சாதி உயில் எழுதுகிறது. நாம் ஏன் எழுதுவதில்லை?

என் பெரியம்மா கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அய்யர் இல்லாமல், தாலி இல்லாமல், மாலை மாற்றித் திருமணம் செய்துகொண்டு, பிறகு அதைப் பதிவும் செய்தவர். அவர் சேரியில் பிறந்தவர், பெரியப்பா ஊர்த்தெருவில் பிறந்தவர். "இப்படி ஒரு மகனை நாங்கள் பெறவே இல்லை" என்று பெரியப்பா வீட்டார் அன்றே தலைமுழுகிவிட்டார்கள். பஞ்சாலையில் வேலை பார்த்த பெரியப்பா சில ஆண்டுகளிலேயே இறந்துபோனார். குழந்தை இல்லை. பள்ளி ஆசிரியையாக இருந்த பெரியம்மா தன் சம்பளத்தில் கடன் கட்டி, முத்தியால்பேட்டையில் இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினார். நான் வளர்ந்ததும் படித்ததும் அந்த வீட்டில்தான்.

"எனக்கப்புறம் இது உனக்குத்தானேடி" என்று அடிக்கடி சொல்வார். எழுதி வைக்கவில்லை. எழுதச் சொல்லிக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. சாவைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்ற மூடநம்பிக்கை, பகுத்தறிவு பேசும் எங்கள் வீட்டிலும் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது.

பெரியம்மா இறந்த இரண்டாவது மாதம் பெரியப்பாவின் தம்பி வந்தார். அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்திராதவர், கையில் வாரிசுச் சான்றிதழோடு வந்தார். பெரியம்மாவின் வங்கிக் கணக்கில் என் பெயரை நாமினியாகப் போட்டிருந்தார். அதைக் காட்டினேன். வழக்கறிஞர் ஒருவர் பொறுமையாக விளக்கினார்: "நாமினி என்றால் பணத்தை வாங்கி வைத்திருப்பவர். உரிமையாளர் இல்லை. வாரிசு கேட்டால் கொடுக்க வேண்டும்."

யாரும் எங்களை ஏமாற்றவில்லை. எல்லாம் சட்டப்படியே நடந்தது. இதைத்தான் தோழர்களுக்குச் சொல்ல வேண்டும்.

1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். ஓர் இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சொத்து முதலில் பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் போகும். அவர்கள் இல்லையென்றால் கணவனின் வாரிசுகளுக்குப் போகும். அவர்களும் இல்லாவிட்டால்தான் பெற்ற தாய் தகப்பனுக்கு. தாய் தகப்பனிடமிருந்து வந்த சொத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவள் சொந்தமாகச் சம்பாதித்ததற்கு அந்த விதிவிலக்கும் இல்லை. ஆண் இறந்தால் மனைவியின் தம்பி வந்து நிற்க முடியாது. பெண் இறந்தால் கணவனின் தம்பி வரலாம். பெண் உழைத்ததும் புகுந்த வீட்டுச் சொத்து என்ற மனுவின் எண்ணம், இன்றைய சட்டப் புத்தகத்தில் இப்படித்தான் உயிரோடு இருக்கிறது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. ஓம் பிரகாஷ் – ராதா சரண் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் இதுதான். மணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீடு அந்தப் பெண்ணைத் துரத்தியது. பெற்றோர் படிக்க வைத்தார்கள், வேலைக்குப் போனார், நாற்பது ஆண்டுகள் தன் காலில் நின்றார். உயில் எழுதாமல் இறந்தார். சொத்து, துரத்திய குடும்பத்துக்கே போனது. அனுதாபத்தை வைத்துச் சட்டத்தை மாற்றிப் படிக்க முடியாது என்றது நீதிமன்றம். இந்தப் பிரிவைத் திருத்தச் சொல்லிச் சட்ட ஆணையம் 2008இலேயே தன் 207ஆவது அறிக்கையில் பரிந்துரைத்திருந்தது. அந்த அநீதி அப்படியே இருக்கிறது.

"நான் நாத்திகர், எனக்கு எப்படி இந்துச் சட்டம்?" என்று கேட்கலாம். இந்தச் சட்டத்தின் கணக்கில், இசுலாமியர், கிறித்தவர், பார்சி, யூதர் அல்லாத ஏறக்குறைய எல்லோரும் இந்துதான். பௌத்தம் ஏற்றவரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார். சிறப்புத் திருமணச் சட்டத்தில் பதிவு செய்தால் தப்பிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மணமக்கள் இருவருமே இந்து என்றால், 1976 திருத்தத்துக்குப் பிறகு அவர்களுக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும்.

சாதி மறுப்பு மணம் செய்த இணையருக்கு இதன் பொருள் என்ன? குழந்தை இல்லாத நிலையில் கணவன் உயிலின்றி இறந்தால், அவன் சொத்தில் பாதி மனைவிக்கு, பாதி அவன் தாய்க்கு. சாதிவெறியில் ஒருவரைக் கொன்றவரும், கொலைக்குத் துணைநின்றவரும் கொல்லப்பட்டவரின் சொத்தை அடைய முடியாது என்கிறது 25ஆவது பிரிவு. நல்லது. ஆனால் கொலைக்கு மௌனமாகத் தலையாட்டிய மற்ற உறவுகளுக்கு அந்தத் தடை இல்லை.

சாதி இந்த விசயத்தில் தூங்குவதே இல்லை. மகள் சேரிப் பையனை மணந்தாள் என்று தெரிந்த மறுவாரமே பத்திரப்பதிவு அலுவலகத்துக்கு ஓடும் தகப்பன்களை நான் பார்த்திருக்கிறேன். சுயமாகச் சம்பாதித்த சொத்தை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம் என்ற உரிமை, அவர்கள் கையில் சாதியைக் காக்கும் ஆயுதம். "நம்ம சாதியில் கட்டினால் வீடு, இல்லையென்றால் நடுத்தெரு" என்ற மிரட்டலுக்குப் பின்னால் இருப்பது அரிவாள் மட்டுமல்ல, உயிலும்தான். அவர்கள் எழுதுகிறார்கள். நாம் எழுதுவதில்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் ஒரு தனி வரலாறு உண்டு. 1873இல் பொன்னுத்தம்பி பிள்ளை என்ற வழக்கறிஞர் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குள் வந்தார் என்பதற்காகத் தடுக்கப்பட்டார். பாரீசின் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார். அதன் தொடர்ச்சியாக, 1881 செப்டம்பர் 21 ஆணை வந்தது. இந்தியர் ஒருவர் தன் சாதி, மதவழிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்கலாம். துறந்தவர்களை ரெனோன்சான் என்றார்கள். பொன்னுத்தம்பி, லாப்போர்த் என்ற குடும்பப் பெயரை ஏற்றார். அவர் வேளாளர். ஆனால் அந்தக் கதவு வழியாக வெளியேறியவர்களில் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த கிறித்தவர்கள் பலர் இருந்தார்கள். கால்வாய்க்கு இந்தப் பக்கம் கறுப்பர் நகரம், அந்தப் பக்கம் வெள்ளையர் நகரம் என்று ஊரைப் பிளந்த ஆட்சிதான் அது. அதற்குப் பாராட்டுப் பத்திரம் தேவையில்லை. ஆனால் சாதியின் சட்டத்திலிருந்து ஒரு கையெழுத்தில் வெளியேறலாம் என்ற எண்ணம் இந்த ஊரில் 140 ஆண்டுகளுக்கு முன்பே நடைமுறையில் இருந்தது என்பதை மறக்கக்கூடாது. 1963இல் இந்துச் சட்டங்கள் புதுச்சேரிக்கு நீட்டிக்கப்பட்டபோதும் ரெனோன்சான்களுக்குப் பொருந்தாது என்று விலக்கு வைத்தார்கள்.

பிரெஞ்சு சிவில் சட்டத்தில் இன்னொன்றும் உண்டு. மகனும் மகளும் சமம். அதோடு, பிள்ளைகளை முழுவதுமாக விலக்கி உயில் எழுத முடியாது. ஒரு பிள்ளை என்றால் சொத்தில் பாதி, இரண்டு என்றால் மூன்றில் இரண்டு, மூன்றும் அதற்கு மேலும் என்றால் நான்கில் மூன்று பிள்ளைகளுக்கென்று ஒதுக்கப்பட்டது. சாதி மாறி மணந்தாள் என்பதற்காக மகளை வெறுங்கையோடு அனுப்ப முடியாது. சாதி ஒழிப்பு பேசும் நாம் இப்படி ஒரு கட்டாயப் பங்கை இந்தியச் சட்டத்தில் ஏன் கேட்கக்கூடாது? நம் சொத்தை இயக்கத்துக்கோ தோழருக்கோ எழுதும் உரிமையை அது ஓரளவு குறைக்கும் என்பது உண்மை. சாதித் தகப்பன்களின் கையைக் கட்ட அந்த விலையைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து இருந்தால் விவாதிப்போம்.

நம் தலைவர்கள் இதை அறிந்திருந்தார்கள். 1949 சூலை 9 அன்று பெரியார் மணியம்மையாரை மணந்ததைப் பற்றி இன்றும் கேலி பேசுகிறார்கள். கட்சியும் உடைந்தது. பெரியார் சொன்ன காரணம் எளிமையானது: தனக்குப் பின் இயக்கத்தையும் சொத்தையும் காக்கச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும். ஒரு பெண்ணை மகளாகத் தத்தெடுக்க அன்றைய இந்துச் சட்டத்தில் இடம் இல்லை. அது 1956இல்தான் வந்தது. அதனால் திருமணம் என்ற ஏற்பாடு. முடிவைப் பற்றி ஆயிரம் சொல்லலாம். ஆனால் 1973இல் பெரியார் மறைந்த பின் மணியம்மையார் இயக்கத்தை நடத்தினார். சொத்து உறவினர்களுக்குள் சிதறவில்லை. அறக்கட்டளையாக இன்றும் நிற்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1956இல் மறைந்தபோது நடந்தது வேறு. இந்துச் சட்டத் தொகுப்புக்காக அமைச்சர் பதவியையே விட்டவர் அவர். ஆனால் அவருக்குப் பின் வாரிசுகளுக்கிடையே வழக்கு வந்தது. அவர் கைப்பட எழுதிய பிரதிகள் பல ஆண்டுகள் நீதிமன்றப் பொறுப்பில் பெட்டிகளில் கிடந்தன. மகாராட்டிர அரசு அவர் எழுத்துகளைத் தொகுதிகளாக வெளியிடத் தொடங்கியது 1979இல்தான். ஒரு தலைமுறை அவற்றைப் படிக்காமலேயே வளர்ந்தது.

நம் ஊர்களைப் பாருங்கள். பத்துப் பேர் உண்டியல் குலுக்கிக் கட்டிய படிப்பகம், ஒரு தோழரின் பெயரில் பட்டாவாக இருக்கும். அவர் இருக்கும் வரை சிக்கல் இல்லை. அவர் போன மறுநாள் அது அவர் பிள்ளைகளின் சொத்து. இப்படிப்பட்ட இடங்களை உடனே அறக்கட்டளை ஆக்குங்கள். நோக்கம், பொறுப்பாளர்கள், ஒருவர் விலகினால் அடுத்தவர் வரும் முறை, அறக்கட்டளை கலைந்தால் சொத்து யாருக்கு என்பதை எழுதிப் பதிவு செய்யுங்கள். இதற்கு ஒரு வழக்கறிஞரை வைத்துக்கொள்வது அவசியம்.

உயில் எழுதுவது அதைவிட எளிது. 18 வயது நிரம்பி, தெளிந்த மனநிலையில் இருந்தால் போதும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாளே போதும். தமிழிலேயே எழுதலாம். யாருக்கு எது என்பதைப் பெயர், முகவரி, சர்வே எண், கணக்கு எண்ணோடு எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்திட வேண்டும், அவர்களும் உங்கள் முன் கையெழுத்திட வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்களாக, உயிலில் பங்கு பெறாதவர்களாகச் சாட்சிகளைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். பதிவு கட்டாயமில்லை, ஆனால் சாதிக் குடும்பம் வழக்குப் போடும் என்ற அச்சம் இருந்தால் சார்பதிவாளரிடம் பதிவு செய்துவிடுங்கள். எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். இசுலாமியர் என்றால் வாரிசுகளின் இசைவின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. ரெனோன்சான் குடும்பம் என்றால் தெரிந்த வழக்கறிஞரைக் கேட்காமல் எழுதாதீர்கள்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி உரிமை. புதுச்சேரியிலும் அந்த ஆணையம் இருக்கிறது.

உயில் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறவர்கள் உண்டு. மணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள், ஒருபால் இணையர்கள், திருநங்கைக் குடும்பங்களின் தாய் மகள்கள். இந்த உறவுகளில் எதற்கும் வாரிசுச் சட்டத்தில் பெயர் இல்லை. அவர்களுக்கு அந்த ஒரு தாள்தான் அரண்.

"என்னிடம் என்ன சொத்து இருக்கிறது?" என்று கேட்கும் இளம் தோழரே, உங்கள் சேமநல நிதி, வண்டி, புத்தகங்கள், எழுதியவை, எடுத்த படங்கள் எல்லாம் சொத்துதான். நீங்கள் எழுதாவிட்டால் உங்களுக்காகச் சட்டம் ஓர் உயில் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறது. அதில் உங்கள் தோழர்களின் பெயர் இருக்காது.

15ஆவது பிரிவை மாற்றப் போராடுவோம். அது மாறும் வரை காத்திருக்க முடியாது. முத்தியால்பேட்டை வீட்டில் இப்போது வேறு யாரோ வாடகைக்கு இருக்கிறார்கள். வாசலில் பெரியம்மா மாட்டியிருந்த அம்பேத்கர் படத்தை முதல் வேலையாகக் கழற்றினார்கள். அந்தப் படம் இப்போது என் அறையில் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள மேசையில் அமர்ந்து போன மாதம் என் உயிலை எழுதி முடித்தேன். எனக்கு வயது 31.