சாண வாயுவும் சர்க்காரும்

சாணத்தையும் குப்பையையும் காற்றுப் புகாத தொட்டியில் அழுகவைத்து, கிளம்பும் வாயுவிலிருந்து கரியமில வாயுவைப் பிரித்துவிட்டால் மிஞ்சுவது மீத்தேன். அதைக்கொண்டு அடுப்பும் எரிக்கலாம், மோட்டாரும் ஓட்டலாம். இதில் மாட்டின் மகிமை ஒன்றுமில்லை, கிருமிகளின் வேலைதான். 2018-ல் இந்திய சர்க்கார், 2023-24-க்குள் 5000 ஆலைகள் என்று முழங்கினார்கள். கூடவே மற்றொரு திட்டத்துக்கு ‘கோபர்தன்’ என்று புராண வாசனையோடு பெயரும் சூட்டினார்கள். (பெயருக்கு மட்டும் நம் நாட்டில் பஞ்சமே வருவதில்லை!) கெடு முடிந்தபோது நூறு ஆலைகள்கூட ஓடவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் வாயுவை வாங்கிக்கொள்வதாகக் கடிதங்கள் தாராளமாய்க் கொடுத்தன. ஆனால் வருஷ முழுதும் சாணமும் வைக்கோலும் வந்துசேர வழியில்லாத ஆலைக்குக் கடிதத்தைப் பார்த்துக் கடன் கொடுப்பவன் யார்?

2023 நவம்பரில்தான், வாயுக் கம்பெனிகள் 2025-26-ல் நூற்றுக்கு 1 பங்கும், 2028-29 முதல் 5 பங்கும் இதைக் கட்டாயமாய்ச் சேர்க்கவேண்டுமென்று தீர்மானித்தார்கள். இது புத்தியுள்ள காரியமென்றே சொல்லுவோம். ஆனால் மீத்தேன் எரியாமல் கசிந்தால், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆகவே ஜனங்களின் வரிப்பணத்தில் மானியம் வாங்கும் ஒவ்வோர் ஆலையும், சாணம் கொடுக்கும் குடியானவனுக்குக் கொடுத்த விலையையும், வெளியே கசிந்த வாயுவின் அளவையும் பகிரங்கமாய்க் காட்டவேண்டும் என்று கேட்கின்றோம்.