பல்லேகம நகரை இடம்மாற்ற முடிந்தது, லயன்களை ஏன் முடியவில்லை?

மாத்தளை மாவட்டத்தின் பழைய பல்லேகம நகரம் இன்று இல்லை. மொரகஹகந்த – களுகங்கை திட்டத்துக்காக அது நீரில் மூழ்கியது. பதிலாக 2018இல் லக்கல புதிய நகரம் திறக்கப்பட்டது. தேவை என்று அரசு தீர்மானித்தால் ஒரு நகரத்தையே இடம்மாற்றலாம் என்பதற்கு அது சாட்சி.

அதே நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒட்டியுள்ள கம்மடுவவில், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது 24 மணித்தியாலத்தில் 500 மில்லிமீற்றருக்கும் அதிகமான மழை பதிவானது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100ஐத் தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும். 150ஐத் தாண்டினால் உடனே வெளியேற வேண்டும். பெய்ததோ அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நாடு முழுவதும் 600க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களை மண்சரிவு கடுமையாகத் தாக்கியது.

செங்குத்துச் சரிவில் பாறைமேல் தளர்ந்த மண் படிந்திருக்கும். நீர் ஊறியதும் மண்ணின் பாரம் கூடும், பிடிப்புக் குறையும். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, சாயும் மரங்கள், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் ஊற்றுநீர் ஆகியவை முன்னறிகுறிகள். இவற்றைக் கண்டால் அறிவித்தலுக்காகக் காத்திருக்கக் கூடாது.

அறிவித்தல்தான் முதல் சிக்கல். டித்வாவின்போது பல அவசர எச்சரிக்கைகள் தமிழில் தாமதமாக வந்தன, சில வரவேயில்லை என்ற குற்றச்சாட்டு பரவலாக எழுந்தது. 1987இன் 13ஆவது திருத்தத்திலேயே தமிழும் அரச கரும மொழியாக்கப்பட்டுவிட்டது.

இரண்டாவது சிக்கல், போக இடமில்லாமை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் ஆபத்து இருப்பதாக 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மாற்றுக் காணி கிடைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29 காலை லயன்கள் மண்ணுக்குள் புதைந்தன.

போக இடம் காட்டாமல் 'வெளியேறுங்கள்' என்று சொல்வதன் பொருள் வன்னியில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 1977 வன்முறைக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து, 2009இல் மறுபடியும் எல்லாவற்றையும் இழந்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே இது 'அவர்களின்' பிரச்சினை அல்ல.

கேட்க வேண்டியவை மூன்று: சிங்களத்தில் வரும் அதே நேரத்தில் தமிழிலும் எச்சரிக்கை, ஒவ்வொரு தோட்டத்திலும் மழைமானியும் அதை வாசிக்கப் பழகியவர்களும், பாதுகாப்பான இடத்தில் உறுதியுடன் சொந்தக் காணி. முதல் இரண்டுக்கும் பெரும் செலவில்லை. மூன்றாவதை, அணைக்காகச் செய்த அரசு உயிருக்காகவும் செய்ய வேண்டும்.