சட்டியில் ஒரு தக்காளி

வீட்டுத்தோட்டமென்றால், ‘நிலமேது?’ என்று வினவுவோர் பலர். புளோரிடா சர்வகலாசாலையார் 1989-ம் வருஷத்தில் வெளியிட்ட மைக்ரோ-டாம் என்னும் தக்காளிச்செடி ஏறக்குறைய ஒரு சாண் உயரமே வளர்ந்து, சிறு சட்டியிலேயே காய்க்கின்றது. ஆகவே, நிலமில்லையென்பது நியாயமாகாது, வெயிலில்லையென்பதே நியாயம். தினம் ஆறு மணி நேர வெயில் கிட்டாதவர் கீரையோடு நிற்பது உத்தமம்.

பேபிகார்ன் என்று கடையில் விற்பது குள்ளஜாதியன்று. மக்காச்சோளத்தை மகரந்தம் சேருமுன் பிஞ்சாய்ப் பறித்ததேயாம். அதனைச் சட்டியில் எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

நாம் முக்கியமாய் எச்சரிப்பது விதையைப் பற்றியே. கலப்பின வித்தினின்று எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை அப்படியே தருவதில்லை. வருஷந்தோறும் வியாபாரியிடம் கைகட்டி நிற்க நேரும். மைக்ரோ-டாம் போன்ற நிலைத்த வகையிலோ, பழுத்த கனியொன்றின் விதையைக் கழுவி நிழலிலுலர்த்தினால் அடுத்த போகத்துக்கு அதுவே போதும்.