சீனாக்காரன் தூக்கி உள்ள போட்டான், சரி... அதுக்கு முன்னாடி?

"சீனாவுல பாருங்க பாஸ், தப்பு பண்ணா எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் தூக்கி உள்ள போட்டுடறான்!" இந்த வசனத்தைக் கேட்காதவங்க யாராவது இருக்கீங்களா மக்களே? அதுக்கு ஆதாரமா நம்ம ஆட்கள் அடிக்கடி எடுத்து விடற பேரு வூ ஷியாவ்ஹுய். அன்பாங் இன்சூரன்ஸ் சேர்மன். 2018-ல 18 வருஷம் ஜெயில். எனக்கென்னவோ அந்த வசனத்துக்கு நேர் எதிரான ஆதாரம் இந்தக் கேஸ்தான்னு தோணுது.

முதல்ல ஆள் யாருன்னு பார்த்துடலாம். வென்ஜோ பக்கம் பிங்யாங்கில் 1966-ல பிறந்தவர். கல்யாணம் பண்ணிக்கிட்டது டெங் ஷியாவ்பிங்கின் பேத்தியை. (இதை ஓரமா வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.) 2004-ல நிங்போ நகரத்துல, கார் இன்சூரன்ஸ் விக்கற கம்பெனியா அன்பாங் பொறந்தது. மூலதனம் வெறும் 50 கோடி யுவான். ஆரம்பகாலப் பங்குதாரர்கள்ல சைனோபெக் மாதிரி அரசு நிறுவனங்களே இருந்தாங்க. 2016 கடைசியில் குழுமத்தோட சொத்து கிட்டத்தட்ட 2 லட்சம் கோடி யுவான்! பன்னிரண்டே வருஷம். நடுவுல நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலை 195 கோடி டாலருக்கு வாங்கினாங்க. 2016-ல ஸ்டார்வுட் ஹோட்டல் குழுமத்துக்கே 1,400 கோடி டாலர் விலை பேசி, கடைசி நிமிஷத்துல பின்வாங்கினாங்க. டிரம்ப்போட மருமகன் குடும்பத்துக் கட்டடத்துக்குக் கூட பேச்சு நடந்து, 2017 மார்ச்சில் முறிஞ்சு போச்சு.

இவ்ளோ பணம் எங்கேர்ந்து வந்தது? இன்சூரன்ஸ்னு பேருதான். வித்ததெல்லாம் பெரும்பாலும் பேங்க் டெபாசிட்டை விடக் கொஞ்சம் கூடுதல் வட்டி, ஒண்ணு ரெண்டு வருஷத்துல எடுத்துக்கலாம்ங்கற முதலீட்டுத் திட்டங்கள். இதுல ஒரு தடை உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனி எவ்ளோ விக்கலாம்ங்கறது அதோட மூலதனத்தைப் பொறுத்தது. அன்பாங் இதுக்குக் கண்டுபிடிச்ச வழியைப் பாருங்க. ஜனங்க கட்டின பிரீமியம் வூவின் கட்டுப்பாட்டுல இருக்கற கம்பெனிகளுக்குப் போகும். அங்கேர்ந்து சுத்திச் சுத்தி அன்பாங்குக்கே 'புது மூலதனம்'னு திரும்பி வரும். மூலதனம் கூடிடுச்சா? இன்னும் விக்கலாம். வித்த பணம் மறுபடி சுத்தும். நம்ம பாஷையில சொன்னா எக்ஸிட் கண்டிஷனே இல்லாத லூப். 2014-ங்கற ஒரே வருஷத்துல பதிவு மூலதனம் 1,200 கோடியிலிருந்து 6,190 கோடி யுவான் ஆச்சு.

இங்கதான் என் கேள்வி. மூலதனத்தைக் கூட்டணும்னா காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் கையெழுத்து போடணும். போட்டாங்க. வழக்குல அரசுத் தரப்பு சொன்ன கணக்குப்படி, அனுமதிச்ச அளவுக்கு மேல அன்பாங் திரட்டின பணம் 72,300 கோடி யுவானுக்கும் அதிகம். 2011-லேர்ந்து 2017 வரைக்கும். ஆயிரம் ரெண்டாயிரம் இல்ல சாமி, எழுபத்தி ரெண்டாயிரம் கோடி! இது ஆணையத்தோட கண்ணுல படலையாம். ஆனா 2016-ல நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் கண்ணுல, பங்குதாரர் கம்பெனிகள் பலதும் வூவோட சொந்த ஊர்ப்பக்கம் போய் முடியறது பட்டுது. 2017-ல சாய்ஷின் பத்திரிகை மூலதனம் எப்படிச் சுத்துதுன்னு எழுதினப்ப, அன்பாங் கேஸ் போடுவேன்னு மிரட்டுச்சு. டெங் வீட்டு மாப்பிள்ளைங்கற பேரு இருக்கறப்போ எந்த அதிகாரி ஃபைலைத் திருப்பி அனுப்புவான்?

"அந்த ஆணையத் தலைவரையும்தானே பிடிச்சாங்க?" கரெக்ட். ஷியாங் ஜுன்போ 2017 ஏப்ரல்ல சிக்கினார், 2020-ல லஞ்ச வழக்குல 11 வருஷம். நாம புரொடக்ஷன்ல ஒரு கோளாறு வந்தா கோட் எழுதினவனை மட்டுமா பார்க்கறோம்? ரிவ்யூ பண்ணது யாரு, அப்ரூவ் பண்ணது யாரு, டெஸ்ட்ல ஏன் மாட்டலைன்னு எல்லாத்தையும் உட்கார்ந்து நோண்டறோம். ஒரு ஆள் லஞ்சம் வாங்கினதுக்குத் தண்டனை கொடுத்தா, ஒரு ஆணையம் ஆறு வருஷம் தூங்கினதுக்குப் பதில் வந்துடுமா? வூவோட விசாரணை எத்தனை நாள் நடந்துச்சு தெரியுமா? ஒரே நாள். 2018 மார்ச் 28, ஷாங்காய் கோர்ட். முதல்ல குற்றச்சாட்டை மறுத்தவர், முடியறப்போ வருத்தம் தெரிவிச்சாராம். மே 10-ல தீர்ப்பு, 1,050 கோடி யுவான் சொத்து பறிமுதல். ஆகஸ்ட்ல அப்பீலும் தள்ளுபடி. ஃபைல் க்ளோஸ்.

நான் பார்க்கறது இதுதான்: யுவான் உள்ளுக்குள்ள சுத்தின வரைக்கும் எந்தப் பெரிய கையும் நீளலை. டாலரா மாறி மன்ஹாட்டன் பக்கம் ஓட ஆரம்பிச்சு, 2016 கடைசியில் வெளிநாட்டு முதலீடுகளை பெய்ஜிங் இறுக்கின பிறகுதான், 2017 ஜூன்ல ஆளைக் காணோம். சட்டம் அதே சட்டம்தான்.

பில்லு யாருக்கு? 2018 பிப்ரவரியில அரசு கம்பெனியைக் கையில எடுத்து, ஏப்ரல்ல காப்பீட்டுப் பாதுகாப்பு நிதியத்திலிருந்து 6,080 கோடி யுவான் இறக்கினாங்க. பாலிசி எடுத்தவங்களுக்குப் பணம் வந்து சேர்ந்துச்சு, அதை ஒத்துக்கத்தான் வேணும். ஆனா அந்த நிதியம் மத்த இன்சூரன்ஸ் கம்பெனிகள் கட்டற சந்தாவில ஓடறது. அதாவது அன்பாங் பக்கமே தலைவச்சுப் படுக்காதவன் கட்டின பிரீமியத்துல ஒரு துளி. 2019-ல தாஜியான்னு புதுப்பேரு வச்சாங்க. 2021-ல ஏறக்குறைய மொத்தப் பங்கையும் விற்பனைக்கு விட்டப்போ கேட்ட விலை 3,357 கோடி யுவான். போட்டது எவ்ளோ, கேட்டது எவ்ளோ, நீங்களே கழிச்சுப் பார்த்துக்குங்க.

டிஸ்கி: "நீ சீனாவுக்கு எதிரி"ன்னு முத்திரை குத்த வர்ற அண்ணாத்தைங்களுக்கு: அன்பாங்கைப் பத்தி எழுதின சாய்ஷின், பெய்ஜிங்ல உட்கார்ந்து நடத்தற பத்திரிகைதான் :-)